விகிதம் யார் கையில்?

வீட்டுக்குள் தனிமம் தேடிக் கிளம்பினால் சீக்கிரமே கை ஓய்ந்துவிடும். சுவருக்குள் ஓடும் மின்கம்பியில் செம்பு இருக்கிறது, அது கிட்டத்தட்ட சுத்தச் செம்பு. பீரோவில் 24 காரட் தங்க நாணயம் பூட்டி வைத்திருந்தால் அது இன்னொன்று. பழைய காய்ச்சல்மானி உடையாமல் எங்காவது கிடந்தால் அதற்குள் பாதரசம். பிறகு? இரும்புத் தோசைக்கல் என்கிறோம். ஆனால் வார்ப்பிரும்பில் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்கு கரி கலந்திருக்கிறது. எவர்சில்வர் டம்ளரில் இரும்போடு குரோமியமும், பெரும்பாலும் நிக்கலும் உண்டு. பென்சிலுக்குள் இருக்கும் கருங்குச்சி கிராஃபைட்டையும் களிமண்ணையும் பிசைந்து சுட்டது. களிமண் கூடக்கூடப் பென்சில் கடினமாகும், எழுத்து வெளிறும். வெள்ளிக் குங்குமச்சிமிழிலும் பெரும்பாலும் கொஞ்சம் செம்பு ஒளிந்திருக்கும்.

சேர்மங்களின் பட்டியலும் பெரிதாக நீளாது. சர்க்கரை, ஆப்பசோடா, கற்பூரம், படிகாரம், வடித்த தண்ணீர், கொஞ்சம் தாராளம் காட்டினால் உப்பு. இதற்கு மேல் யோசிக்க வேண்டியிருக்கிறது. மற்றதெல்லாம் கலவை. பால், மோர், எண்ணெய், காப்பித்தூள், பற்பசை, சோப்பு, பெட்ரோல், சமையல் எரிவாயு, சுவர், செங்கல், நாம் எல்லாமே. பள்ளிப் பாடத்தில் தனிமம், சேர்மம், கலவை என்று மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு எடுத்துக்காட்டுகளை அடைத்துக் கொடுப்பார்கள். உலகம் மூன்று சம பங்காகப் பிரிந்து கிடக்கிறது என்ற பிரமை அங்கேதான் பிறக்கிறது. உண்மையில் தனிமமும் சேர்மமும் தனியாக, கலப்பில்லாமல் கண்ணில் படுவது அபூர்வம். படுகிறது என்றால், பெரும்பாலும் யாரோ பாடுபட்டுப் பிரித்து எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மளிகைக் கடையில் கிலோக்கணக்கில் நிறுத்துத் தரும் பொருள்களில் வெள்ளைச் சர்க்கரை அளவுக்குத் தூய்மையான சேர்மம் வேறு இருக்கிறதா என்பது சந்தேகம். பக்கத்து மூட்டையில் இருக்கும் வெல்லமோ சுக்ரோஸ், குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், தாது உப்புகள், ஈரம் என்று எல்லாம் கலந்த கதம்பம். வேதியியல் தரும் தூய்மைச் சான்றிதழுக்கும் உடம்புக்கு நல்லதா என்பதற்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தமிழ்நாட்டுச் சமையலறையில் ஒரு தனிமம் அடுப்பிலேயே ஏறுகிறது: ஈயச்சொம்பு. ரசத்துக்கென்றே வைத்திருப்பார்கள். பெயர்தான் ஈயம், உண்மையில் அது வெள்ளீயம். வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது என்று புதிதாகக் கல்யாணமான பெண்ணுக்கு மாமியார் முதல் நாளே சொல்லிவிடுவார். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை, கொதிக்கும் தண்ணீர் சொம்பை 100 டிகிரியை ஒட்டியே பிடித்து வைக்கும். வற்றினால் சொம்பு குழைந்து அடுப்பில் வழியும்.

இதில் காரீயம் கலந்து ஏமாற்றுவது பழைய தந்திரம், ஆபத்தான தந்திரமும்கூட. காரீயம் நஞ்சு. அதன் உருகுநிலை 327 டிகிரி. இரண்டையும் கலந்தால் உருகுநிலை 232க்கும் 327க்கும் நடுவில் எங்கோ நிற்கும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் வெள்ளீயம் 63 பங்கு, காரீயம் 37 பங்கு என்று கலந்தால் அது 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது, இரண்டையும்விடக் கீழே. ரேடியோ ரிப்பேர்க்காரர்கள் காலங்காலமாகப் பற்றவைக்கப் பயன்படுத்திய ஈயக்கம்பி இதுதான். தனிமம் என்றால் உருகுவதற்கு ஒரே ஒரு புள்ளி. கலவையில் அந்தப் புள்ளி, கலக்கிறவர் கையின் அளவுக்குத் தக்கபடி நகர்கிறது. சுத்த வெள்ளீயக் குச்சியை வளைத்தால் காதருகே நறநறவென்று ஒரு சத்தம் கேட்கும். உள்ளே படிகங்கள் ஒன்றின்மேல் ஒன்று சாயும் ஓசை அது. காரீயம் வளைந்தால் இப்படிச் சத்தம் போடாது. அதைத் தாளில் இழுத்தால் பென்சில் போலக் கோடு விழும்.

வெள்ளீயம் தனிமம் என்று யார் சொன்னது? 1789இல் லவாய்சியே வெளியிட்ட பட்டியலில் அது இருந்தது. எந்தச் சோதனையாலும் மேற்கொண்டு பிரிக்க முடியாமல் நிற்கிறதோ அதைத் தனிமம் என்று வைத்துக்கொள்வோம் என்பது அவர் போட்ட கணக்கு. அந்தப் பட்டியலில் மொத்தம் 33 பெயர்கள். ஆக்சிஜன், ஹைட்ரஜன், தங்கம், கந்தகம் எல்லாம் சரி. ஆனால் ஒளியும் வெப்பமும்கூடத் தனிமங்களாக அதில் உட்கார்ந்திருந்தன. சுண்ணாம்பும் இருந்தது. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதன் மூலமான சுட்ட சுண்ணாம்பு. எவ்வளவு சுட்டாலும், எந்த அமிலத்தில் போட்டாலும், அந்தக் காலத்தில் யாராலும் அதை உடைக்க முடியவில்லை. சுண்ணாம்பு போன்றவை ஆக்சிஜன் சேர்ந்தவையாக இருக்கலாம், சீக்கிரமே பட்டியலிலிருந்து நீங்கலாம் என்று லவாய்சியே அப்போதே சந்தேகப்பட்டார். ஆனாலும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒரு பெயரை நீக்க அவர் தயாராக இல்லை. அவர் 1794இல் கில்லட்டினுக்குப் பலியானார். 1808இல் ஹம்ஃப்ரி டேவி ஈரச் சுண்ணாம்போடு பாதரச ஆக்சைடைச் சேர்த்து மின்சாரம் பாய்ச்சினார். பாதரசத்தில் சிக்கிய உலோகத்தைக் காய்ச்சிப் பிரித்தபோது கால்சியம் கிடைத்தது. அந்த நாளோடு சுண்ணாம்பு தனிமப் பட்டியலிலிருந்து சேர்மத்துக்கு இறங்கியது. சுண்ணாம்பு அதேதான், மாறியது நம் கையில் இருந்த கருவி.

கலவைக்கு வருவோம். கலவையைப் பௌதிக முறைகளாலேயே பிரித்துவிடலாம், சேர்மத்துக்கு வேதிவினை வேண்டும் என்று பாடநூல் சொல்லும். மணலும் உப்பும் என்றால் இந்த விதி அழகாக வேலை செய்யும். நகைக்கடைக்குள் நுழைந்தால் அங்கேயே தடுமாறும்.

ஒரு பவுன் என்பது 8 கிராம். நகை 916 என்றால் அதில் தங்கம் 7.33 கிராம், மீதி 0.67 கிராம் செம்பு, வெள்ளி போன்றவை. சல்லடை, காந்தம், வடிதாள், எதுவும் இங்கே உதவாது. தங்க அணுக்களும் செம்பு அணுக்களும் ஒரே படிக அடுக்கில் இடம் மாறி மாறி உட்கார்ந்திருக்கின்றன. ஹால்மார்க் மையத்தில் இதைத் தீர்ப்பதற்கு நெருப்பையும் அமிலத்தையும் நாடுகிறார்கள். நகையிலிருந்து எடுத்த சிறு துணுக்கை நுண்தராசில் நிறுத்து, அதோடு அளந்து எடுத்த வெள்ளியைச் சேர்த்து, மெல்லிய காரீயத் தகட்டில் மடித்துப் பொட்டலமாக்குகிறார்கள். எலும்புச் சாம்பலோ மக்னீசியாவோ அழுத்திச் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடான உலையில் தள்ளுகிறார்கள். காரீயம் காற்றோடு சேர்ந்து ஆக்சைடாகி, கூடவே செம்பையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் ஊறிப் போகிறது. மிஞ்சுவது தங்கமும் வெள்ளியும் சேர்ந்த ஒரு மணி. அதைத் தட்டி, உருட்டித் தகடாக்கி, நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க விட்டால் வெள்ளி கரைந்து போகும். கடைசியில் கிடைக்கும் தங்கத்தைப் பார்த்தால் தங்கம் என்று நம்பத் தோன்றாது. துளைகள் நிறைந்த, தொட்டால் நொறுங்கும் பழுப்புச் சுருள். மறுபடி சூடுபடுத்தியதும்தான் மஞ்சள் ஏறுகிறது. அதை நிறுத்துத் துணுக்கின் எடையால் வகுத்தால் 916ஆ இல்லையா என்பது தெரிந்துவிடும்.

நடுவில் வெள்ளியை ஏன் சேர்க்க வேண்டும் என்று கேட்கலாம். தங்கம் அதிகமாக இருந்தால் அது வெள்ளியைச் சுற்றி வளைத்து அமிலத்துக்கு எட்டாமல் மறைத்துவிடும். தங்கம் கால் பங்குக்கு இறங்கினால்தான் அமிலம் உள்ளே புக வழி கிடைக்கும்.

ஆக, கலவையைப் பிரிக்கவே வேதிவினை தேவைப்பட்டுவிட்டது. பாடநூல் விதி பொய் என்று சொல்ல வரவில்லை, அது தொடக்கப்பாடம். ஆழமான வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. 22 காரட், 18 காரட், 14 காரட் என்று எந்த அளவிலும் பொற்கொல்லர் தங்கத்தையும் செம்பையும் சேர்க்கலாம். தங்கம் ஆட்சேபிக்காது. பாலும் அப்படித்தான். சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 சதவீதம், நிலைப்படுத்தியதில் 4.5, நிறைகொழுப்புப் பாலில் 6 என்று இந்திய உணவுச் சட்டம் எண்களை எழுதி வைத்திருக்கிறது. இவை மனிதர்கள் கூடிப் பேசி முடிவு செய்த எண்கள். நாளைக்கு 5 என்று மாற்றினாலும் பால் பாலாகவே இருக்கும்.

சேர்மத்தில் இந்தச் சுதந்திரம் கிடையாது. உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம், அதாவது 2 கிராமுக்கு மேல் சோடியம் வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐந்தை இரண்டாக்கும் உரிமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? சோடியம் குளோரைடில் எடைக்கு எடை சோடியம் 39.3 சதவீதம், குளோரின் 60.7 சதவீதம். தூத்துக்குடி உப்பளத்தில் விளைந்தாலும், பாகிஸ்தான் பஞ்சாபின் கேவ்ரா சுரங்கத்தில் வெட்டினாலும், ஆய்வகத்தில் அமிலத்தையும் காரத்தையும் ஊற்றிச் செய்தாலும் அதே எண்தான். பேரம் பேச முடியாது.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பாடம் கையோடு பழகியது. கடல்நீர் சோடியம் குளோரைடின் கரைசல் மட்டும் அல்ல. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், சல்பேட் எல்லாம் அதில் உண்டு. பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் காயவிட்டு, போமே மானியை மிதக்கவிட்டு அடர்த்தி பார்ப்பார்கள். கடலிலிருந்து எடுத்த நீர் சுமார் 3 டிகிரி காட்டும். நீர் வற்ற வற்ற முதலில் கால்சியம் கார்பனேட், அடுத்து ஜிப்சம் படியும். 25 டிகிரி வாக்கில் உப்புப் பூக்கத் தொடங்கும். சுமார் 29, 30 டிகிரிக்கு வந்ததும் மிஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிடுவார்கள். இன்னும் பேராசைப்பட்டால் மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து இறங்கி, உப்பு கசக்கும், ஈரம் கோத்துக்கொள்ளும். கடல் ஒரு கலவை. அதிலிருந்து ஒரு சேர்மத்தை வெயில் மட்டுமே வைத்துப் பிரித்தெடுக்கும் பெரிய தொழிற்சாலை உப்பளம். அந்த உப்பு பாக்கெட்டில் ஏறும்போது பொட்டாசியம் அயோடேட் தெளிக்கிறார்கள், தயாரிக்கும் இடத்தில் அயோடின் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு விதி உண்டு. இப்படியாகச் சேர்மம் மறுபடியும் கலவையாகித்தான் நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இளஞ்சிவப்பு இந்துப்பு என்று கூடுதல் விலைக்கு விற்பதிலும் பெரும்பங்கு இதே சோடியம் குளோரைடுதான், நிறத்தைக் கொடுப்பது கொஞ்சம் இரும்பு.

சேர்மத்தின் பிடிவாதத்துக்கு இன்னும் நல்ல சாட்சி படிகாரம். சவரம் செய்தபின் முகத்தில் தடவும் அந்தக் கண்ணாடிக் கட்டி, கையில் எடுத்தால் உலர்ந்திருக்கிறது. அதன் எடையில் 45 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். பொட்டாசியம் ஒன்று, அலுமினியம் ஒன்று, சல்பேட் இரண்டு, தண்ணீர் மூலக்கூறு சரியாகப் பன்னிரண்டு. இரும்புக் கரண்டியில் வைத்துச் சூடாக்கினால் தன் தண்ணீரிலேயே கரைந்து, கொதித்து, வெள்ளைப் பொரியாகப் பொங்கி நிற்கும். சித்த மருந்துக் கடைகளில் பொரித்த படிகாரம் என்று விற்பது இதைத்தான். ஈரத் துணியில் எவ்வளவு தண்ணீர் இருக்கலாம் என்பது துணி பிழிகிறவர் விருப்பம். படிகாரத்தில் அந்த விருப்பத்துக்கு இடமில்லை.

சேர்மத்தில் விகிதம் மாறாது என்பது இன்றைக்கு நமக்குத் தேய்ந்துபோன பாடம். 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது பெரிய சண்டைக்குக் காரணமாக இருந்தது. ஒரு பக்கம் ஜோசப் புரூஸ்ட், ஸ்பெயினில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர். மறுபக்கம் பெர்த்தோலே, பாரிசின் பெரும்புள்ளி. 1798இல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போனவர். அங்கே பாலைவன ஏரிகளின் கரையில் சோடா உப்பு படிந்து கிடப்பதைக் கண்டார். ஆய்வகத்தில் ஒரு திசையில் நடக்கும் வினை, உப்பும் சுண்ணாம்புக்கல்லும் குவிந்து கிடந்த அந்த இடத்தில் எதிர்த்திசையில் நடந்திருந்தது. பொருளின் அளவு கூடினால் வினையின் போக்கே மாறும் என்று கண்டார். அது சரி. அதோடு நிற்காமல், அளவைப் பொறுத்துச் சேர்மத்தின் விகிதமும் மாறும் என்றார். அங்கேதான் புரூஸ்ட் குறுக்கே நின்றார்.

புரூஸ்ட் 1799இல் கையில் எடுத்தது செம்புக் கார்பனேட். புளி போட்டுத் துலக்காமல் ஈரக்காற்றில் விட்டுவைத்த செம்புக் குடத்தில் பச்சையாகக் களிம்பு ஏறுமே, அதன் முக்கியப் பங்கு இந்தச் சேர்மம்தான். பூமிக்குள் வெட்டி எடுத்தால் அதற்கு மலக்கைட் என்று பெயர். பூமி தந்ததையும் தன் ஆய்வகக் குடுவையில் தானே செய்ததையும் பகுத்துப் பார்த்த புரூஸ்ட் இரண்டிலும் ஒரே விகிதத்தைக் கண்டார். பூமிக்கடியில் மெல்ல மெல்ல விளைந்ததும் மேசைமேல் சில நிமிடங்களில் விளைந்ததும் ஒன்றே என்றால், அளவைத் தீர்மானிப்பது இடமும் அல்ல, ஆளும் அல்ல. பெர்த்தோலே மசியவில்லை. உலோக ஆக்சைடுகளில் விகிதம் மாறிக்கொண்டே போவதை நான் அளந்திருக்கிறேனே என்றார். அவை ஒன்று அல்ல, இரண்டு ஆக்சைடுகள் கலந்தவை என்பது புரூஸ்டின் பதில். செம்பையே பாருங்கள். கறுப்பு ஆக்சைடில் செம்பு நூற்றுக்கு 80, சிவப்பு ஆக்சைடில் நூற்றுக்கு 89. ஒருவர் 84 கண்டால் அவர் கையில் இருப்பது புதுச் சேர்மமல்ல, இரண்டின் கலவை. உலோகக்கலவையும் கண்ணாடியும் கரைசலும்? அவை சேர்மமே அல்ல என்று புரூஸ்ட் ஒதுக்கித் தள்ளினார். நேர்மையாகச் சொன்னால், இது கொஞ்சம் சாமர்த்தியமான ஆட்டம். விகிதம் மாறினால் அதைச் சேர்மத்திலிருந்து விலக்கிவிடு, பிறகு சேர்மத்தில் விகிதம் மாறுவதே இல்லை என்று சொல். 1808இல் ஜான் டால்டன் அணுக் கொள்கையை நூலாக வெளியிட்ட பிறகே இந்த ஆட்டத்துக்குக் காரணம் கிடைத்தது. அணுக்கள் முழுமுழுதாகத்தான் சேரும், அரை அணு கால் அணு என்று சேராது. ஆகவே விகிதம் தாண்டித் தாண்டித்தான் போக முடியும்.

நிலையான விகிதம் இருந்தாலே சேர்மம் என்று முடிவுகட்டவும் கூடாது. காற்று அதற்கு எச்சரிக்கை. உலர்ந்த காற்றில் நைட்ரஜன் 78, ஆக்சிஜன் 21 என்பது சென்னையிலும் இமயத்திலும் ஒன்றுதான். ஆனால் இரண்டையும் அந்த அளவில் கலந்து பார்த்தால் சூடும் இல்லை, சத்தமும் இல்லை. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கலந்து பொறி வைத்தால் வெடிக்கும். கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வந்த ஆக்சிஜன் செறிவூட்டி, நைட்ரஜனைச் சியோலைட் துகளில் பிடித்து நிறுத்தி, இதே காற்றிலிருந்து சுமார் 93 சதவீத ஆக்சிஜனைக் கொடுத்தது. விகிதம் நம் கைக்கு வந்துவிட்டது, ஆகவே கலவை.

அந்தக் காற்றுக்குள் இன்னொன்று நெடுநாள் ஒளிந்திருந்தது. ராலே பிரபு வாயுக்களின் எடையைத் துல்லியமாக அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து மற்றதையெல்லாம் நீக்கி எடுத்த நைட்ரஜன் அவருடைய கண்ணாடிக் கோளத்தில் 2.31 கிராம் நின்றது. அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜன் 2.30 கிராம். வித்தியாசம் அரை சதவீதம். வேறு யாராவது என்றால் தராசைக் குறை சொல்லியிருப்பார். ராலே 1892இல் நேச்சர் இதழுக்குக் கடிதம் எழுதி, யாருக்காவது காரணம் தெரியுமா என்று கேட்டார். வில்லியம் ராம்சே காற்று நைட்ரஜனைப் பழுக்கக் காய்ச்சிய மக்னீசியத்தின்மேல் மறுபடி மறுபடி செலுத்தினார். மக்னீசியம் நைட்ரஜனைத் தின்றுவிட, எதோடும் சேராத ஒரு வாயு எஞ்சியது. அதுதான் ஆர்கான், 1894இல் அறிவித்தார்கள். காற்றில் அது ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. மூன்று மீட்டர் நீள அகல உயரமுள்ள அறையில் 250 லிட்டர் ஆர்கான் மிதக்கிறது. தனிமம் என்று எல்லோரும் நம்பிய ஒன்று, கலவை என்று நிரூபணமானது. இருவருக்கும் 1904இல் நோபல் பரிசு கிடைத்தது, ஒருவருக்கு இயற்பியலில், மற்றவருக்கு வேதியியலில்.

பெர்த்தோலே பக்கமும் கொஞ்சம் நியாயம் மிச்சமிருந்தது. கொல்லன் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை அடிக்கும்போது கருஞ்செதிள் உரிந்து விழும். இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த ஆக்சைடுகள் அதில் அடுக்கடுக்காக இருக்கின்றன. 570 டிகிரிக்கு மேல் இரும்பை ஒட்டி உருவாகும் அடுக்குக்கு வுஸ்டைட் என்று பெயர். புரூஸ்ட் கணக்குப்படி அதில் ஓர் ஆக்சிஜனுக்கு ஓர் இரும்பு இருக்க வேண்டும். அளந்தால் ஆக்சிஜன் 100 என்றால் இரும்பு 95, சில சமயம் 90, அதற்கும் கீழே. இரண்டு ஆக்சைடுகள் கலந்ததாகச் சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை, ஏனென்றால் படிகம் ஒன்றே ஒன்றுதான். அந்தப் படிக அடுக்கில் இரும்பு உட்கார வேண்டிய சில இடங்கள் காலியாக இருக்கின்றன. ஒவ்வொரு காலியிடத்துக்கும் ஈடாக வேறு இரண்டு இரும்பு அணுக்கள் ஆளுக்கொரு எலக்ட்ரானைக் கூடுதலாக இழந்து மின்சுமைக் கணக்கைச் சரிக்கட்டுகின்றன. இப்படிப்பட்ட சேர்மங்களுக்கு ருஷ்ய வேதியியலாளர் நிக்கலாய் குர்னகோவ், தோற்றவர் பெயரையே எடுத்து, பெர்த்தோலைடுகள் என்று பெயரிட்டார். விகிதம் தவறாதவை டால்டனைடுகள்.

உலையின் வெப்பத்தையும் உள்ளே விடும் ஆக்சிஜனையும் திருகினால் வுஸ்டைட்டின் விகிதமும் கூடவே நகர்கிறது. ஆனால் இரும்பும் ஆக்சிஜனும் சரிக்குச் சரியாக நிற்கும் வுஸ்டைட்டை மட்டும் சாதாரண அழுத்தத்தில் எந்தத் திருகலாலும் எட்ட முடிவதில்லை.